ஏழாம் அத்தியாயம்: நேரத்துக்குப் போடு, நேரத்துக்கு நிறுத்து

கடை பூட்டிய பிறகு உள்ளே எதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது? டைமர் வாங்கக் கிளம்புவதற்கு முன் இதற்கு விடை தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான கடைக்காரர்களுக்குத் தெரியாது. தெரிய வாய்ப்பும் இல்லை. பூட்டியதும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஆகவே ஒரு நாள் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளேயே பத்து நிமிடம் நில்லுங்கள். விளக்கை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு வழக்கமான கடைவீட்டில் கண்ணில் படுவது ஏறக்குறைய இதுதான். வெளியே பெயர்ப்பலகை எரிகிறது. ஐந்தடிப் பாதையில் இரண்டு விளக்கு. கண்ணாடி அலமாரிக்குள் பாத்திரங்களின் மேல் விழும் சிறு விளக்குகள், யாரும் பார்க்காத நேரத்திலும். குளிர்பான அலமாரி, அதன் உள்விளக்கோடு. மாடிப்படிக்குக் கீழே வெந்நீர்த் தொட்டி. தண்ணீர் டிஸ்பென்சரின் சுடுநீர் பக்கம் அவ்வப்போது சுட்டுச் சுட்டு நிற்கிறது. கழிவறைக் காற்றுப்போக்கி இரைகிறது. சிசிடிவி, வைஃபை பெட்டி, சாமி படத்துக்கு ஒரு சின்ன விளக்கு. இவற்றில் இரவு முழுக்க ஓடியே ஆக வேண்டியவை மூன்று நான்குதான்.

கண்ணால் பார்த்ததை மீட்டரில் உறுதி செய்யுங்கள். பூட்டும்போது மீட்டர் எண்ணைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் திறந்தவுடன், எதையும் போடுவதற்கு முன், இன்னொரு படம். இரவு 11 மணிக்கும் காலை 9 மணிக்கும் இடையே 15 யூனிட் ஓடியிருந்தால், ஆளில்லாத கடை மணிக்கு ஒன்றரை யூனிட் தின்கிறது என்று பொருள். புதிய மீட்டர் மாற்றப்பட்ட இடங்களில் இந்தச் சிரமமும் வேண்டாம். மின்கட்டமைப்பு நிறுவனமான எஸ்பியின் செயலியில் அரைமணி வாரியாகக் கணக்கு தெரியும். அந்தக் கோட்டில் நள்ளிரவுக்கும் விடியற்காலைக்கும் நடுவே படுத்துக்கிடக்கும் பகுதி எவ்வளவு உயரத்தில் படுத்துக்கிடக்கிறது என்று பாருங்கள். அதுதான் உறங்கும் நேரச் சுமை. டைமருக்கு முதல் வேலை அங்கேதான்.

இரண்டு லாபம், இரண்டு கணக்கு

டைமரால் இரண்டு வெவ்வேறு பயன்கள் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் பணம் செலவழித்தும் பில்லில் ஒன்றும் தெரியவில்லை என்று அலுத்துக்கொள்கிறார்கள்.

முதலாவது, தேவையில்லாத மணிநேரங்களை வெட்டுவது. 200 வாட் பெயர்ப்பலகை நாள் முழுக்க எரிந்தால் 4.8 யூனிட். மாலை 7 முதல் இரவு 11 வரை மட்டும் எரிந்தால் 0.8 யூனிட். ஒரு நாளைக்கு 4 யூனிட் மிச்சம், மாதத்துக்கு 120 யூனிட். யூனிட் 30 காசு என்று வைத்தால் 36 வெள்ளி. இருபது முப்பது வெள்ளி கொடுத்து வாங்கும் டைமர் முதல் மாதத்திலேயே தன் விலையைத் திருப்பித் தந்துவிடும். நிலையான வயரிங் என்றால் மின்பணியாளர் கூலியும் சேர்ந்து சில மாதங்கள் ஆகலாம். 

இரண்டாவது, எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாமல் பிரித்துவிடுவது. இதில் யூனிட் குறையாது. குறைவது உச்சத் தேவை, அதாவது ஒரே சமயத்தில் நீங்கள் கட்டமைப்பிலிருந்து இழுக்கும் கிலோவாட். இது யாருக்குப் பணமாகும் என்பது உங்கள் இணைப்பின் வகையைப் பொறுத்தது. பில்லை எடுத்துப் பாருங்கள். வீடுகளும் சிறு கடைகளும் தாழ்வழுத்த இணைப்பில் இருப்பவை. எஸ்பியின் ஒழுங்குமுறைக் கட்டணத்தில் இவர்களுக்கு எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலை. பகலில் ஓட்டினாலும் நள்ளிரவில் ஓட்டினாலும் வேறுபாடில்லை. உயரழுத்த இணைப்பில் இருக்கும் பெரிய கட்டடங்களுக்குக் கதை வேறு. காலை 7 முதல் இரவு 11 வரை உச்சநேர விலை, இரவு 11 முதல் காலை 7 வரை குறைந்த விலை. அதற்கு மேல், ஒப்பந்தத் திறன் என்று ஒரு கட்டணம், பயன்படுத்திய யூனிட்டோடு சம்பந்தமில்லாமல் கிலோவாட் கணக்கில்.

நடுவில் ஒரு வழியும் உண்டு. 2018 நவம்பர் முதல் 2019 மே வரை வட்டாரம் வட்டாரமாகத் திறக்கப்பட்ட மின்சாரச் சந்தையில் சில விற்பனை நிறுவனங்கள் தாழ்வழுத்த வாடிக்கையாளர்களுக்கும் உச்சநேரம், குறைநேரம் என்று இரண்டு விலை வைத்த திட்டங்களைத் தந்திருக்கின்றன. இரவு முழுக்க மாவரைக்கும் கூடமோ ரொட்டி சுடும் இடமோ வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தலாம். பகலில் திறந்து இரவில் பூட்டும் புடவைக் கடைக்குப் பொருந்தாது.

சிறு கடைக்காரருக்கு உச்சத் தேவையைக் குறைத்தால் பில்லில் லாபமில்லை என்றேன். ஊருக்கு லாபம் உண்டு. சிராங்கூன் சாலை வட்டாரத்துக்கு மின்சாரத்தோடு பழைய உறவு இருக்கிறது. தேக்காவிலிருந்து நடக்கும் தூரத்தில், மெக்கன்சி சாலையில் இருந்த டிராம் நிறுவனத்தின் மின்நிலையத்திலிருந்துதான் 1906இல் நகராட்சி மின்சாரம் வாங்கித் தெருவிளக்கு எரித்தது. அந்தக் காலத்தில் மின்சாரத்தின் பெரிய வேலை வெளிச்சம் தருவது. இன்று சிங்கப்பூரின் உச்சத் தேவை வழக்கமாக வேலைநாட்களின் பகல் பொழுதில் வருகிறது; காரணம் குளிரூட்டி. சுமார் 95 விழுக்காட்டு மின்சாரம் இறக்குமதி செய்த இயற்கை எரிவாயுவிலிருந்து கிடைக்கிறது. உச்சம் ஏறும்போது அதுவரை சும்மா இருந்த எந்திரத்தையும் கிளப்பவேண்டும். மொத்த விற்பனைச் சந்தையில் அரைமணிக்கொரு விலை. நெருக்கடி வரும் அரைமணிகளில் அது பல மடங்கு எகிறும். 2021 இறுதியில் அந்த ஏற்றத்தைத் தாங்க முடியாமல் சில மின்விற்பனை நிறுவனங்கள் கடையைக் கட்டிக்கொண்டு போனது பலருக்கு நினைவிருக்கும். பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு வெந்நீர்த் தொட்டி ஓடாமல் இருப்பது சின்ன விஷயம்தான். ஆயிரக்கணக்கான தொட்டிகள் என்றால் அது ஒரு மின்னாக்கி எந்திரத்தின் சுமை.

சூரியன் இங்கே நல்ல பிள்ளை

வெளிவிளக்குக்கு டைமர் வைப்பதில் சிங்கப்பூருக்கு உள்ள வசதி வேறு பல ஊர்களுக்கு இல்லை. நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகைக்குச் சற்று மேல்தான் நாம் இருக்கிறோம். லண்டனிலோ டில்லியிலோ போல் கோடைக்கும் குளிருக்கும் ஏற்ப டைமரைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 1982 ஜனவரி 1 முதல் நம் கடிகாரம் உலகப் பொது நேரத்துக்கு எட்டு மணி முன்னால் ஓடுகிறது; அதனால் பொழுது சற்றுத் தாமதமாக விடிந்து தாமதமாகச் சாய்கிறது. நவம்பர் தொடக்கத்தில் மாலை சுமார் 6.50க்கு இருட்டத் தொடங்கும். பிப்ரவரி நடுவில் சுமார் 7.20. ஆண்டு முழுவதற்கும் வேறுபாடு அரைமணிதான். காலையிலும் அப்படியே, 6.46 முதல் 7.17 வரை. வீவக புளோக்குகளின் தாழ்வார விளக்குகள் மாலை ஏழு முதல் காலை ஏழு என்று ஆண்டு முழுக்க ஓட முடிவது இதனால்தான்.

ஆகவே பெயர்ப்பலகைக்கு மாலை 6.45 என்று வைத்துவிட்டால் எந்த மாதத்திலும் தவறாது. இன்னும் கறாராக வேண்டுமென்றால் இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கொடுத்தால் தானே அஸ்தமனத்தைக் கணக்கிடும் டைமர்கள் கிடைக்கின்றன. ஒரு கடைக்கு அவ்வளவு தேவையில்லை. பல கடைகள் சேர்ந்த வளாகத்துக்கு வாங்கலாம்.

ஒளியுணரி வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல சாதனம், திறந்தவெளியில். ஐந்தடிப் பாதையின் கூரைக்கடியில் வைத்தால் ஏமாற்றும். அங்கே நண்பகலிலும் நிழல்தான். மழைக்காலத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு வானம் கறுத்தால் விளக்கெல்லாம் எரிந்துவிடும். அது தேவைதான் என்று சொல்லலாம், நடைபாதைக்கு. பெயர்ப்பலகைக்குத் தேவையில்லை. நான் பரிந்துரைப்பது இரண்டையும் சேர்த்துக்கொள்வது: போடுவதை ஒளியுணரி பார்த்துக்கொள்ளட்டும், நிறுத்துவதை டைமர் செய்யட்டும். இருட்டு எப்போது வரும் என்பது வானத்துக்குத் தெரியும். கடைத்தெருவில் ஆள் நடமாட்டம் எப்போது ஓயும் என்பது கடிகாரத்துக்குத்தான் தெரியும்.

அணைக்கும் நேரத்தை எப்படி முடிவு செய்வது? உங்கள் தெருவைப் பொறுத்தது. சையது ஆல்வி சாலையில் முஸ்தபா சென்டரை ஒட்டி நள்ளிரவுக்குப் பிறகும் கூட்டம் இருக்கும். பஃப்ளோ சாலையில் காய்கறிக் கடைகள் காலையில் சீக்கிரம் திறக்கும், இரவு சீக்கிரம் ஓயும். பக்கத்துக் கடைக்காரர் எத்தனை மணிக்கு அணைக்கிறார் என்று பார்த்து வைக்காதீர்கள். அவரும் உங்களைப் பார்த்துத்தான் வைத்திருப்பார்.

நடைபாதை விளக்கை முழுதும் அணைக்க வேண்டாம். அது பாதுகாப்புக்கானது. இரண்டு விளக்கில் ஒன்றை மட்டும் டைமரில் வைத்து நள்ளிரவில் அணைத்தால் போதும்.

தொட்டி, பாய்லர், குளிர்ப்பெட்டி

வெந்நீர்த் தொட்டியின் கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம், ஏனென்றால் வீட்டிலும் கடையிலும் இதில்தான் தவறான நம்பிக்கைகள் அதிகம். 30 லிட்டர் தண்ணீரை 28 பாகையிலிருந்து 60 பாகைக்கு ஏற்றச் சுமார் 1.1 யூனிட் வேண்டும். 3 கிலோவாட் சூடாக்கிக்கு அது 22 நிமிட வேலை. ஆனால் சுவிட்ச் எப்போதும் போட்டபடியே இருந்தால், யாரும் குளிக்காவிட்டாலும் தொட்டியின் சூடு சுவர் வழியே கசியும். கசிந்ததை ஈடுகட்டச் சூடாக்கி நாள் முழுக்க விட்டுவிட்டு ஓடும். டைமர் மிச்சப்படுத்துவது இந்தக் கசிவை மட்டும்தான். குளிக்கும் தண்ணீரைச் சூடாக்கும் செலவு அப்படியே இருக்கும். காலை 6 மணிக்குக் குளியல் என்றால் 5.30க்குப் போட்டு 6.15க்கு நிறுத்துங்கள். மாலைக்கு இன்னொரு முறை. 60 பாகையைத் தொடவிடுவது முக்கியம். மிதச்சூட்டில் நாள்கணக்கில் தேங்கும் நீரில் கிருமி வளரும். சுவரில் மாட்டிய உடனடி வெந்நீர்ப் பெட்டிக்கு டைமர் வேண்டவே வேண்டாம். குழாயைத் திறந்தால்தான் அது ஓடும்.

தேநீர்க் கடையின் தண்ணீர் பாய்லர் வேறு வகை. கடை ஆள் காலையில் வந்து போட்டுக் கொதிக்கும்வரை காத்திருப்பதற்குப் பதிலாக, அவர் வருவதற்கு அரைமணி முன்னால் டைமர் போட்டுவைக்கலாம். ஒரு நிபந்தனை: தானாக நீர் நிரப்பிக்கொள்வதும், நீரில்லாமல் போனால் தானே நிற்பதுமான பாய்லராக இருக்க வேண்டும். கையால் ஊற்றி நிரப்பும் பாய்லரை ஆளில்லாத கடையில் டைமர் போடுவது தீயோடு விளையாட்டு. சாப்பாட்டுக் கடைகளில் குழம்பும் பொரியலும் சூடாக வைக்கும் பெய்ன்மேரி தொட்டியைப் பாருங்கள். ரேஸ் கோர்ஸ் சாலையில் மதியச் சாப்பாடு பதினொன்றரைக்கு மேல்தான் சூடுபிடிக்கும். தொட்டியோ காலையிலேயே வந்தவர் கையால் போடப்பட்டிருக்கும். எத்தனை நிமிடத்தில் அது சூடேறுகிறது என்று ஒருமுறை கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நிமிடங்களோடு பத்து சேர்த்து டைமரில் வையுங்கள்.

உணவு வைக்கும் குளிர்ப்பெட்டிக்கும் உறைபெட்டிக்கும் எந்நாளும் டைமர் கிடையாது. இதில் விதிவிலக்கு தேடாதீர்கள். மீன், இறைச்சி, பால், மாவு எதுவாயினும் சரி. கேம்பல் லேன் பக்கத்துப் பூக்கடைகளின் குளிர்ப்பெட்டியும் அப்படித்தான். விமானத்தில் வந்திறங்கிய மல்லிகை நான்கு மணிநேரச் சூட்டில் பழுத்துப்போகும். அடைத்த புட்டியும் டின்னும் மட்டுமே வைத்திருக்கும் குளிர்பான அலமாரியை நள்ளிரவு முதல் காலை ஆறுவரை நிறுத்தலாம். பாட்டில் கெடாது, திறக்கும் நேரத்துக்குள் குளிர்ந்தும்விடும். அலமாரி உங்களுடையதா, பானக் கம்பெனி தந்ததா என்று முதலில் பாருங்கள். அவர்களுடையது என்றால் கேட்டுச் செய்யுங்கள். எதுவும் வேண்டாம் என்றால் உள்விளக்கையாவது தனியாக டைமரில் வையுங்கள். அந்த விளக்கின் சூட்டையும் சேர்த்துத்தான் பெட்டி இரவெல்லாம் குளிர்விக்கிறது.

சமையலறைப் புகைபோக்கியை டைமர் நிறுத்தக் கூடாது. அடுப்பு எரிகையில் புகைபோக்கி நின்றால் ஆபத்து. கழிவறைக் காற்றுப்போக்கிக்கு மட்டும், விளக்கை அணைத்தபின் பதினைந்து நிமிடம் ஓடி நிற்கும் வகை உண்டு. மலிவானது, வாங்கி மாட்டுங்கள். தீயெச்சரிக்கை, அவசர விளக்கு, வெளியேறும் வழிப் பலகை, சிசிடிவி ஆகியவை இருக்கும் வயரின் பக்கமே டைமர் போகக் கூடாது.

குளிரூட்டி

தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் 2017 ஆய்வின்படி வீட்டு மின்சாரத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குளிரூட்டிக்குப் போகிறது. அலுவலகங்களிலும் கடைத்தொகுதிகளிலும் பங்கு இன்னும் பெரியது. எனவே டைமர் என்றதும் எல்லாருக்கும் முதலில் இதுதான் நினைவுக்கு வருகிறது. கவனமாக இருக்க வேண்டியதும் இதில்தான்.

குளிரூட்டியின் மின்சாரத்தை வெளியிலிருந்து டைமரால் வெட்டாதீர்கள். இப்போதைய இன்வெர்ட்டர் வகைகளில் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று மின்சாரம் போனால், உள்ளிருக்கும் மின்னணுப் பலகை நாளடைவில் பழுதாகும். ரிமோட்டிலேயே டைமர் இருக்கிறது. பெரிய அமைப்புகளில் சுவரில் மையக் கட்டுப்பாட்டுப் பலகை இருக்கிறது. அதில் வாராந்திர அட்டவணை போடுங்கள். அந்தப் பலகையில் விற்பனையாளர் வைத்துவிட்டுப் போன நேரத்தைக் கட்டடத்தில் யாரும் தொட்டதே இல்லை என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். வேலைநாள், வார இறுதி என்ற வேறுபாடுகூட இல்லாமல் ஏழு நாளும் ஒரே மாதிரி ஓடும்.

கடை மூட அரைமணி இருக்கும்போது கம்ப்ரசரை நிறுத்தி விசிறியை மட்டும் ஓடவிடுங்கள். சுவரும் தரையும் பொருள்களும் குளிர்ந்திருக்கும். அரைமணிக்குள் பெரிதாகச் சூடேறாது. குளிர்நீர் ஓடும் பெரிய கட்டடங்களில் குழாய்க்குள் தங்கியிருக்கும் குளிர்ச்சியே கடைசி அரைமணியைச் சமாளிக்கும். காலையில் எவ்வளவு முன்னதாகப் போடுவது என்பதை ஊகத்தில் விடாதீர்கள். ஒரு வெப்பமானியை நடுவில் வைத்து, போட்டதிலிருந்து 25 பாகைக்கு வர எத்தனை நிமிடம் என்று பாருங்கள். பல இடங்களில் ஒரு மணி முன்னதாகப் போடுவது வழக்கமாகிவிட்டிருக்கும், இருபது நிமிடமே போதும் என்ற நிலையிலும்.

ஆனால் நம் ஊரின் ஈரத்தை மறக்கக் கூடாது. பட்டுப்புடவை, புத்தகம், மசாலாப் பொடி, மரச்சிற்பம் இவை இருக்கும் கடையை இரவு முழுக்க மூடி வைத்தால் காலையில் ஒரு வாசனை வரும். அது பூஞ்சைக்கு முன்னறிவிப்பு. அத்தகைய கடையில் இரவு இரண்டு மணிக்கு ஒருமுறை, நான்கரைக்கு ஒருமுறை, முப்பது நிமிடம் ஈரம் உறிஞ்சும் நிலையில் ஓடும்படி வைக்கலாம். அதற்குச் செலவாகும் சில யூனிட்டுக்காக ஒரு பட்டுப்புடவையை இழக்க வேண்டாம்.

அரைமணி என்னும் அளவுகோல்

இனிச் சொல்வது உயரழுத்த இணைப்பில் உள்ள அலுவலகக் கட்டடங்கள், ஹோட்டல்கள், தொழிற்கூடங்களின் நிர்வாகிகளுக்கு. கடைக்காரர்கள் அடுத்த பகுதிக்குப் போய்விடலாம்.

உச்சத் தேவையைக் கட்டணத்துக்காக அளப்பது அரைமணி வாரியாக. அந்த அரைமணியில் ஓடிய யூனிட்டை இரண்டால் பெருக்கினால் வருவதுதான் கிலோவாட். இது தெரியாததால் நடக்கும் ஒரு தவறு எங்கும் உண்டு. காலையில் எல்லா மோட்டாரும் சேர்ந்து கிளம்பக் கூடாது என்று பத்து பத்து வினாடி இடைவெளியில் டைமர் வைப்பார்கள். அது நல்லதுதான், மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டம் ஒன்றோடொன்று சேர்ந்து பிரேக்கர் விழாமலிருக்க. அரைமணி உச்சத்துக்கு அதனால் துளியும் பயனில்லை. கிளம்பும் இழுப்பு சில வினாடிகளில் முடிந்துவிடுகிறது. உச்சத்தை ஏற்றுவது அதற்குப் பிறகு வருவது: இரவெல்லாம் சூடேறிக்கிடந்த கட்டடத்தைக் குளிர்விக்க எல்லா எந்திரமும் முதல் ஒரு மணிநேரம் முழு வேகத்தில் ஓடுகின்றனவே, அது. எனவே இடைவெளி வினாடியில் இருந்து பயனில்லை. குறைந்தது அரைமணி வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒப்பந்தத் திறன் 400 கிலோவாட் உள்ள ஒரு கட்டடம். எட்டு மணிக்கு எல்லாத் தளமும் ஒன்றாகக் கிளம்பி, எட்டுக்கும் எட்டரைக்கும் இடையே 460 கிலோவாட்டைத் தொடுகிறது. பிறகு நாள் முழுக்க 380ஐத் தாண்டுவதில்லை. ஒப்பந்தத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கட்டணம். கணக்குக்காக ஒப்பந்த விலை கிலோவாட்டுக்கு மாதம் 15 வெள்ளி என்று கொள்வோம். மீறிய 60 கிலோவாட்டுக்கு 22.50 வீதம் 1,350 வெள்ளி. மாதத்தில் ஒரே ஒரு அரைமணி இப்படி ஏறினாலும் இதுதான் கதி. மின்சாரத்தை வேறு நிறுவனத்திடம் வாங்குகிறவர்களும் தப்பிக்க முடியாது. கட்டமைப்புக் கட்டணமாக அது பில்லில் வந்து சேரும்.

இதற்கு அட்டவணை எப்படி? வெயில் முதலில் விழும் கிழக்குப் பக்கத் தளங்களை 6.30க்குக் கிளப்புங்கள்; ஏழு மணிவரை யூனிட் விலையும் குறைவு. அடுத்த பிரிவு 7.15, கடைசிப் பிரிவு 8. மேற்குப் பக்கம் காலையில் பொறுத்துக்கொள்ளும். இப்படிச் செய்யும்போது முதல் பிரிவு கொஞ்சம் கூடுதல் நேரம் ஓடும், யூனிட் சற்று ஏறும். அதையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். 1,350 வெள்ளியை மிச்சப்படுத்த 200 வெள்ளி யூனிட் செலவு ஏற்றுக்கொள்ளலாம். ஆயிரம் வெள்ளி என்றால் கூடாது.

குளிரூட்டியைத் தொடாமல் நகர்த்தக்கூடிய சுமைகளும் இருக்கின்றன. மேல்தொட்டிக்கு நீரேற்றும் பம்பை இரவு 11க்குப் பிறகு ஓடவைக்கலாம், பகலில் நீர்மட்டம் மிகத் தாழ்ந்தால் மிதவை சுவிட்ச் டைமரை மீறி ஓட்டும்படி. உறைஅறைகளில் பனியுருக்கும் சூடாக்கிகளின் நேரத்தை ஒன்றோடொன்று மோதாமலும் காலை ஏற்றத்தோடு மோதாமலும் மாற்றி வைக்கலாம். ஹோட்டல் சலவைக்கூட உலர்த்திகளும் அப்படியே. புதிதாக வந்திருக்கும் பெரிய சுமை மின்வாகனம். 2030க்குள் 60,000 மின்னூட்ட முனைகள் என்பது சிங்கப்பூரின் இலக்கு. கூட்டுரிமை வீடுகளில் மாலை ஏழுக்கு வீடு திரும்பும் எல்லாரும் ஒரே நேரத்தில் காரைச் செருகினால் என்னாகும் என்று நிர்வாகக் குழுக்கள் இப்போதே யோசிக்க வேண்டும். காரின் செயலியில் இரவு 11.30 என்று வைப்பதற்குக் காசு செலவில்லை. கேட்டுக்கொண்டால் பெரும்பாலோர் செய்வார்கள்.

எதை வாங்குவது, யார் பொருத்துவது

சுவர் ப்ளக்கில் செருகும் வட்ட டைமரைப் பார்த்திருப்பீர்கள். விளிம்பைச் சுற்றி 96 சிறு பற்கள், ஒன்றுக்குப் பதினைந்து நிமிடம். கீழே அழுத்திய பல் வரும்போது மின்சாரம் பாயும். உள்ளே இருப்பது கட்டமைப்பின் 50 ஹெர்ட்ஸைப் பிடித்துக்கொண்டு சுழலும் ஒரு சிறிய மோட்டார். எளிது, எந்த மொழிக்காரரும் பார்த்தவுடன் புரிந்துகொள்வார். குறை ஒன்றே ஒன்று: மின்சாரம் நின்றால் கடிகாரமும் நிற்கும். மின்பணிக்காக இரண்டு மணிநேரம் மெயினை அணைத்திருந்தால், அன்று முதல் பெயர்ப்பலகை இரண்டு மணி தாமதமாக எரிந்து இரண்டு மணி தாமதமாக அணையும். கடைக்குள் இருப்பவருக்கு இது தெரிய மாதங்கள் ஆகும். எனவே இந்த வகையை வீட்டு வேலைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடைக்கு, மின்பெட்டியின் தண்டவாளத்தில் பொருத்தும் டிஜிட்டல் வாராந்திர டைமர், உள்ளே மின்கலச் சேமிப்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

13 ஆம்பியர் ப்ளக்கில் செருகும் எதிலும் சேஃப்டி மார்க் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வெந்நீர்த் தொட்டியை அப்படிப்பட்ட டைமரில் ஒருபோதும் செருகாதீர்கள். 3 கிலோவாட் என்பது அந்த ப்ளக்கின் எல்லையிலேயே நிற்கும் சுமை, தொடர்ந்து ஓடினால் உருகும். நிலையான வயரிங்கில் கைவைக்கும் வேலை எல்லாமே எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளருடையது. சட்டமும் அதுதான், காப்புறுதிக்காரர் கேட்கப்போவதும் அதுதான்.

எல்இடி விளக்குகளுக்கு டைமர் வாங்கும்போது ஒன்றைக் கேளுங்கள். டைமரில் 16 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். அது ஹீட்டர் போன்ற சுமைக்கு. எல்இடி டிரைவர்கள் போட்ட நொடியில் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். இருபது முப்பது விளக்கை ஒரே டைமரில் மாட்டினால் சில மாதங்களில் உள்ளே இருக்கும் தொடுமுனை ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் விளக்கு அணையாது, எரியாமல் போனால் புகார் வரும், அணையாமல் போனால் யாருக்கும் தெரியாது. நடுவில் ஒரு கான்டாக்டர் (பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் சுவிட்ச்) வைத்து, டைமர் அதை மட்டும் இயக்கும்படி செய்யச் சொல்லுங்கள்.

வைஃபை ப்ளக் வசதியானது. எங்கிருந்தும் பார்க்கலாம், எத்தனை யூனிட் என்றும் சொல்லும். ரூட்டரை மாற்றும் அன்றே எல்லாம் அறுந்துபோகும், யாருடைய கைபேசியில் பதிந்தாரோ அவர் வேலையை விட்டுப் போனாலும் அப்படியே. அளந்து பார்க்க ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளுங்கள். கடையின் நிரந்தர ஏற்பாட்டை அதன்மேல் கட்டாதீர்கள்.

டைமர் செத்துப்போகும் விதம்

டைமரின் பக்கத்தில் வழக்கமாக ஒரு மூன்றுநிலைச் சுவிட்ச் இருக்கும்: ஆட்டோ, ஆஃப், மேனுவல். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் கடை நள்ளிரவைத் தாண்டியும் திறந்திருக்கும், பெயர்ப்பலகை பதினொன்றுக்கு அணைந்துவிடும், யாரோ ஒருவர் மேனுவலில் தள்ளுவார். தீபாவளி முடியும், பொங்கல் வரும், அடுத்த தீபாவளியும் வரும். சுவிட்ச் மேனுவலிலேயே இருக்கும். கட்டடங்களில் டைமர் பயனற்றுப்போவதற்கு நான் கண்டவரை பெரிய காரணம் பழுதல்ல, இந்தச் சுவிட்ச்தான். இதற்குப் பதிலாக, ஒருமுறை அழுத்தினால் இரண்டு மணிநேரம் மட்டும் எரிந்து தானே பழைய அட்டவணைக்குத் திரும்பும் பொத்தானைப் பொருத்தச் சொல்லுங்கள். தீபாவளி மாதத்துக்குத் தனி அட்டவணை முன்கூட்டியே போட்டுவைக்கும் வசதியும் வாராந்திர டைமர் பலவற்றில் உண்டு, தொடங்கும் தேதி, முடியும் தேதி இரண்டோடும்.

மின்பெட்டிக் கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள். எந்த டைமர் எதை இயக்குகிறது, போடும் நேரம், நிறுத்தும் நேரம், கடைசியாக மாற்றியது யார், எந்தத் தேதி. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். வேலையாட்களில் வங்காளமோ சீனமோ பேசுபவர் இருந்தால் அதிலும். மின்கட்டணம் மாறும் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில், புதிய விலையைப் பார்க்கும் கையோடு பெட்டியைத் திறந்து மூன்றைச் சரிபாருங்கள்: டைமரின் கடிகாரம் கைபேசி நேரத்தோடு ஒத்துப்போகிறதா, சுவிட்ச் ஆட்டோவில் இருக்கிறதா, இரவில் எடுத்த மீட்டர் படம் போன காலாண்டைவிட ஏறியிருக்கிறதா. ஏறியிருந்தால் அன்றிரவே ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே நின்று, எது புதிதாக ஓடுகிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் அது யாரோ புதிதாக வாங்கி வைத்த இன்னொரு டிஸ்பென்சராக இருக்கும்.